முன்னிருக்கையில் உப்பு மூட்டை

ஜூன் மாதம் முழுக்க டெல்பர்ட் ஹால்வர்சனுக்கு ஒரு கிராப்பி மீன் கூட மாட்டவில்லை.

அதே டாமரக் ஏரி. அதே இரண்டு இருக்கைக் கயாக். படகின் இரண்டு விளிம்பிலும் அதே தாங்கிகளில் செருகிய அதே இரண்டு தூண்டில் கோல்கள். நரம்பின் நுனியில் போன கோடையில் மீன் கொண்டுவந்து கொட்டிய அதே பொய் இரை: பட்டாணி அளவு ஈயத்தலை, அதன் பின்னால் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு ரப்பர் வால். போன வருடம் வாளி நிறைந்தது. இந்த வருடம் வாளியோடு போய் வாளியோடு வந்தான்.

மாறியது ஒன்றே ஒன்றுதான். முன்னிருக்கையில் வெர்லின் இல்லை.

வெர்லின் அவனுடைய அண்ணன், ஒன்றரை வயது மூத்தவன். இருவரும் பிறந்த வீட்டிலேயே, ஏரியின் வடகரையில், கல்யாணம் செய்துகொள்ளாமல் அறுபது வருடத்துக்கு மேல் சேர்ந்தே இருந்துவிட்டார்கள். பிறகு மார்ச் மாதத்தில், பனி உருகுவதற்குள், வெர்லின் தேவாலயச் சீட்டாட்டத்தில் பழக்கமான டார்லீன் என்ற விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டான். போகும்போது தன் சட்டைகளையும் ஒரு சுத்தியலையும் மட்டும் எடுத்துப் போனான். அங்கே சுத்தியல் கிடைக்காது என்று நினைத்தானோ என்னவோ.

தனியாக இருப்பதில் டெல்பர்ட்டுக்குப் பெரும்பாலான வேலைகள் தடுமாறவில்லை. விறகு பிளந்தான். கூரை ஓடு மாற்றினான். சாயங்காலம் கிரிபேஜ் சீட்டு விளையாட ஆள் வேண்டும். இரண்டு பேர் கையையும் தானே ஆடிப் பார்த்தான். எந்தக் கை ஜெயித்தாலும் சந்தோஷம் வரவில்லை, எந்தக் கை தோற்றாலும் யாரையும் கிண்டல் செய்ய முடியவில்லை. ஒரு வாரத்தில் சீட்டுக் கட்டை டிராயருக்குள் போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தால் அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் மீன் பொரிப்பார்கள். வீட்டில் மீன் இல்லாதவர்கள் சாலையோர மதுக்கடைக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். டெல்பர்ட் ஒரு வெள்ளிக்கிழமை போனான். பரிமாறும் பெண் அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் யாராவது வராங்களா?” என்றாள். “இல்ல” என்றான். நாலு பேர் மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. அவனைக் கவுண்டரின் ஓரத்தில், ஊறுகாய் முட்டை ஜாடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வந்தது கடல் மீன். தட்டில் பாதியை அப்படியே விட்டுவிட்டு வந்தான். மறுபடி போகவில்லை.

ஜூலை முதல் ஞாயிறு வெர்லின் போன் செய்தான்.

“டேய், இங்க வந்துடேன். கார் நிறுத்துற எடத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. ஏசி இருக்கு.”

“ஏரி இருக்கா?”

“நீச்சல் குளம் இருக்கு.”

“அதுல என்ன மாட்டும்?”

“டார்லீனோட சிநேகிதிங்க.”

டெல்பர்ட் சிரித்தான். சிரித்து நாளாகியிருந்ததால் அது இருமல் மாதிரி வந்தது.

“விளையாட்டில்லடா,” என்றான் வெர்லின். “டார்லீனோட அக்கா பையன் நம்ம வீட்டை வாங்கிக்கறேங்கறான். செப்டம்பர் மொத திங்கக்கெழமை லீவு வருதே, அதுக்குள்ள ஒரு பதில் சொல்லணுமாம். வீடு ரெண்டு பேருதுதான். நீ வேணாம்னா வேணாம். ஆனா நீ அங்க தனியா என்ன பண்ணப்போற? ஒரு கிராப்பி கூடப் பிடிக்க முடியல உன்னால.”

கடைசி வாக்கியத்தை அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் போனை வைத்த பிறகு டெல்பர்ட் நெடுநேரம் படகுத்துறையின் பலகையிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த வாக்கியத்தில் ஒரு நியாயம் இருப்பதாக அவனுக்குப் பட்டது. விறகும் கூரையும் எந்த ஊரிலும் உண்டு. இந்த வீட்டில் இருப்பதற்கான காரணம் ஏரிதான். ஏரியில் ஒருவன் தனக்கு வேண்டிய மீனைத் தானே பிடிக்க முடிந்தால் அவன் இங்கே இருக்கலாம். முடியாவிட்டால் அவன் இங்கே ஒரு விருந்தாளி. அவன் தனக்குள் அப்படித் தீர்மானித்துக்கொண்டான்: செப்டம்பருக்குள் தனியாக மீன் பிடித்தால் வீடு இருக்கும், இல்லாவிட்டால் காருக்குப் பின்னால் உள்ள அறை.

அந்தப் பக்கத்து ஜனங்கள் கிராப்பி, நீலச்செவுள் போன்ற சின்ன ஏரி மீன்களுக்குப் பொதுவாக வாணலி மீன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலையை நறுக்கினால் முழுசாக வாணலிக்குள் அடங்கும், அதனால் அந்தப் பெயர். அவற்றைப் பிடிக்கப் பல வழி உண்டு. ஹால்வர்சன் சகோதரர்களின் வழி, இழுத்துப் பிடிப்பது. தூண்டிலை வீசி எறிவதில்லை. படகு மெதுவாகப் போய்க்கொண்டிருக்க, பின்னால் நீளமாக விட்ட நரம்பின் நுனியில் பொய் இரை குட்டி மீனைப் போல நீந்தி வரும். ஏரி பெரியது, மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாது; படகு போகிற வழியெல்லாம் இரையும் போவதால் எங்காவது கூட்டத்தைச் சந்தித்தே ஆகவேண்டும். கணக்கு அதுதான். கணக்கில் தப்பில்லை. மீன்தான் வரவில்லை.

டெல்பர்ட் முப்பது வருடம் பால் பதனிடும் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவன். ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனால் அவன் செய்வது எப்போதும் ஒன்றுதான்: மாறியது எது என்று கேட்பான், அதை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பான். வெர்லின் போனதால் மாறியது என்ன? எடை. வெர்லின் கொழுத்த ஆள். அவன் உட்கார்ந்தால் படகின் மூக்கு தண்ணீரோடு ஒட்டி இருக்கும். இப்போது மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறது. காற்று அதைத் தள்ளுகிறது. படகு பாம்பு மாதிரி போகிறது. இரையும் அப்படித்தானே போகும்?

அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதை மென்மையாக்கும் கருவிக்குப் போட எல்லா வீட்டிலும் உப்பு மூட்டைகள் அடுக்கியிருப்பார்கள். டெல்பர்ட் மனக்கணக்குப் போட்டான். வெர்லின் ஏறக்குறைய நாலரை மூட்டை. நாலு மூட்டையை முன்னிருக்கையில் ஏற்றி, சரிந்து விழாதபடி வெர்லினின் மிதவைச் சட்டையை அவற்றுக்கு மாட்டி வாரை இறுக்கினான்.

ஏரியின் கீழ்க்கோடியில் ஐரீன் பொகோர்னி தூண்டில் கடை வைத்திருந்தாள். புழு, குட்டி மீன், காபி மூன்றும் அங்கே கிடைக்கும். மூன்றும் ஒரே வாசனையில் இருக்கும். அவள் கடைத்துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெல்! முன்னாடி யாரு அது?”

“உப்பு.”

“அப்பாடா. ரொம்ப நாளுக்கப்புறம் அந்த எடத்துல ஒருத்தர் வாய மூடிட்டு உக்காந்திருக்காரு.”

“படகு சமமா நிக்கறதுக்கு, ஐரீன்.”

“தெரியுதுய்யா. கொஞ்சம் வெர்லின் சாயலாத்தான் இருக்கு. வாளி எப்பிடி?”

“கனமா இருக்கு. தண்ணி நெறய மொண்டுட்டேன்.”

“வெர்லின் கல்யாணத்துக்குப் போன மீனுங்கல்லாம் இன்னும் திரும்பலபோல.”

படகு சமமாக நின்றது. நேராகப் போனது. டெல்பர்ட்டுக்குத் தன் துடுப்பு வீச்சில் எப்போதுமே ஒரு பெருமை உண்டு: இடது, வலது, இடது, வலது, கடிகாரம் மாதிரி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. வெர்லினோடு போகும்போது இந்தச் சீர் கெட்டுக்கொண்டே இருக்கும். இப்போது கெடுக்க ஆளில்லை. உப்பு மூட்டை அடக்கமாக உட்கார்ந்திருக்க, நீரில் கோடு போட்டதுபோலப் படகு போனது. கரையிலிருந்து பார்க்க அழகாக இருந்திருக்கும்.

ஒன்றும் மாட்டவில்லை.

அப்படியானால் ஆழம். ஐரீனின் படகில் மீன் காட்டும் கருவி இருந்தது. கிராப்பிகள் கோடை வெயிலுக்குப் பயந்து தண்ணீரின் நடுவே, மேலிருந்து பன்னிரண்டு அடியில் கூட்டமாகத் தொங்கிக்கொண்டு நிற்பதாக அவள் சொல்லியிருந்தாள். தன் இரை எத்தனை அடியில் போகிறது என்று டெல்பர்ட்டுக்குத் தெரியாது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் போகும் ஒன்றின் ஆழத்தை எப்படி அளப்பது? அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஏரியின் தென்பக்கத்தில் ஒரு கல்திட்டு தண்ணீருக்கடியில் சரிவாக ஏறுகிறது. முதலில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயம் கட்டி இறக்கி அந்தச் சரிவின் ஆழத்தை இடம் இடமாக அளந்துகொண்டான். பிறகு இரையை விட்டு, வழக்கமான வேகத்தில், ஆழத்திலிருந்து மேட்டைப் பார்த்துப் படகை ஓட்டினான். இரை எந்த இடத்தில் கல்லில் உரசி கோல் நுனி துடிக்கிறதோ, அந்த இடத்தின் ஆழம்தான் இரையின் ஆழம்.

நுனி துடித்தது ஐந்தடி ஆழத்தில்.

அவன் சந்தோஷத்தில் துடுப்பால் தண்ணீரை அடித்தான். மீன் பன்னிரண்டு அடியில், இரை ஐந்தடியில்! மாடியில் குடியிருப்பவனுக்குத் தெருவில் சாப்பாடு வைத்த கதைதான், தலைகீழாக. காரணமும் புரிந்தது. லேசான இரையை வேகமாக இழுத்தால் தண்ணீர் அதை மேலே தள்ளும், பட்டம் ஏறுவது போல. மெதுவாக இழுத்தால் தாழும். டெல்பர்ட் வேகத்தைக் குறைத்தான், மறுபடி திட்டில் அளந்தான், மறுபடி குறைத்தான். கடைசியில் படகு நகர்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் வேகத்தில் இரை பதினோரு அடியில் ஓடியது. மீனுக்குச் சற்று மேலே. அதுவும் தெரிந்தே வைத்ததுதான். கிராப்பியின் கண்கள் தலையின் மேல்பக்கம் இருக்கின்றன. அது எப்போதும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். தனக்குக் கீழே போவதை அது கவனிப்பதே இல்லை.

இப்போது எல்லாம் சரி. படகு சமம், கோடு நேர், ஆழம் சரி, இரை மீனின் கண்ணுக்கு முன்னால். அவன் ஒரு வாரம் அப்படி ஓட்டினான்.

அந்த வாரம்தான் எல்லாவற்றிலும் மோசமான வாரம். முன்பு ஏதோ தப்பு இருக்கிறது, கண்டுபிடிக்கலாம் என்று இருந்தது. இப்போது தப்பே இல்லை, ஆனாலும் மீன் இல்லை. அவ்வளவு மெதுவாகப் போகும்போது ஏரி மிகப் பெரியதாக இருந்தது. துடுப்பு நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஒருநாள் அவன் தன்னை அறியாமல், “கொஞ்சம் இடது பக்கம் போடு” என்று உப்பு மூட்டையிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் கரையைத் திரும்பிப் பார்த்தான், யாராவது கேட்டிருப்பார்களோ என்று. யாரும் இல்லை. யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அதற்கப்புறம் தோன்றியது.

ஆகஸ்ட் முடியப்போகிற ஒரு பிற்பகல். அவன் ஏரி நடுவில் இருந்தபோது, கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் போன் அடித்தது. வெர்லின். டெல்பர்ட் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் துடுப்பைத் தொடர்ந்தான்.

“டெல்! டார்லீன் அக்கா பையன் கேட்டுட்டே இருக்கான்டா. வர்ற திங்கக்கெழமதான் கெடு. என்ன சொல்ல?”

“சொல்றேன்.”

“என்னது? அது என்ன சளக் சளக்னு? துணி தொவைக்கறியா?”

“ஏரியில இருக்கேன். துடுப்பு போடறேன்.”

“நிறுத்தேன்டா கொஞ்சம். ஒண்ணுமே கேக்கல.”

டெல்பர்ட் துடுப்பை முழங்கால்மேல் வைத்தான். “ஏரியில இருக்கேன்னு சொன்னேன்.”

வலது கோலின் நுனி மெல்ல நிமிர்ந்தது. பிறகு டக்கென்று ஒருமுறை தலையாட்டியது. அவன் பதறிக் கோலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். ஒரு நொடி கனம் இருந்தது, பிறகு இல்லை. கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று மாதம் மீனைப் பார்க்காதவன் கை மறந்துவிட்டது.

“என்னடா ஆச்சு? மூச்சு வாங்குது?”

“ஒண்ணுமில்ல. நீ சொல்லு.”

வெர்லின் சொன்னான். பக்கத்து வீட்டுக் கிழவர் கோல்ஃப் வண்டியை ரிவர்ஸில் போட்டு நீச்சல் குளத்துக்குள் இறக்கிவிட்ட கதை. டெல்பர்ட் துடுப்புப் போட்டபடி கேட்டான். வெர்லின் கதை சொல்லும்போது நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பான்; பதில் வராவிட்டால் மேலே போகமாட்டான்.

“அதுல அவரு மொதல்ல என்ன கேட்டிருப்பாரு சொல்லு?”

டெல்பர்ட் துடுப்பை நிறுத்தினான். “என்ன கேட்டாரு?”

“தொப்பி எங்கேன்னு!”

இடது கோல் வளைந்தது. இந்தத் தடவை அவன் பதறவில்லை. கோலை மெதுவாகத் தூக்கி, நரம்பைச் சீராகச் சுற்றினான். கறுப்புப் புள்ளிகள் தெறித்த வெள்ளி உடம்போடு, விரித்த கை அளவில், ஒரு கிராப்பி படகுக்குள் வந்து விழுந்து உப்பு மூட்டையின் அடியில் படபடவென்று அடித்தது.

“அது என்ன சத்தம்?” வெர்லினின் குரல் உயர்ந்தது. “டேய், மீனா? மீன்தானே? மாட்டிடுச்சா?”

“மாட்டிடுச்சு.”

“பாத்தியா! என் கொரல் கேட்டதும் ஓடி வந்துடுச்சு பாரு! பாசக்கார மீனுடா. இரு, இன்னொரு கத சொல்றேன், ஓட்டு.”

“இரு, இரு. வெர்லின், ஒண்ணு கேக்கறேன். இங்க நீ முன்னாடி உக்காந்து பேசறப்ப, துடுப்பு போடுவியா நீ?”

“எப்பிடிடா போட முடியும்? கத சொல்ல ரெண்டு கையும் வேணுமே. உன் பக்கம் திரும்பித்தான் சொல்லுவேன்.”

“நான்?”

“நீயும்தான் போடமாட்ட. நான் திரும்பி உக்காந்தா உன் துடுப்பு என் காதுல பட்டுடும்னு நிறுத்திடுவ. நிறுத்திட்டு, ‘மூடிட்டு முன்னாடி பாருடா, படகு நின்னுபோச்சு’ம்ப. தெனமும் அதே பாட்டு.”

டெல்பர்ட் முழங்கால்மேல் கிடந்த துடுப்பைப் பார்த்தான்.

“டேய்? இருக்கியா?”

“இருக்கேன். போனை வை.”

“ஏன்டா! ஒரு மீன் வந்ததும் அண்ணன் வேணாமா?”

“நீ இருந்தா தெரியாது. மீன் வந்தது உன் சத்தத்தாலயா, படகு நின்னதாலயான்னு பிரிச்சுப் பாக்கணும். அப்புறம் கூப்பிடறேன்.”

இரண்டு காரணங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். முதலில் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டான். துடுப்பை நிறுத்தாமல், கடிகாரம் மாதிரி போட்டபடி, உரக்கப் பேசிக்கொண்டே போனான். பேச அவனிடம் விஷயம் அதிகம் இல்லை. கூரைக்கு வாங்கிய ஆணிகளைப் பற்றிச் சொன்னான். கொட்டகையின் கதவு மழைக்கு ஊதிப்போனதைச் சொன்னான். மதுக்கடையில் ஊறுகாய் முட்டைக்குப் பக்கத்தில் உட்காரவைத்ததைச் சொன்னான். அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குரல் தண்ணீர்மேல் வெகுதூரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கும் பட்டுத் திரும்பவில்லை. அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தொண்டை கட்டியிருந்தது. கோல்கள் இரண்டும் அசையவில்லை.

படகைத் திருப்பினான். இப்போது பேச்சை விட்டுவிட்டு நிறுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டான். கொஞ்சம் துடுப்பு, பிறகு சட்டென்று ஒரு சின்ன நிறுத்தம், உடனே துடுப்பு. ஒன்றுமில்லை. மூச்சுவிடும் நேரத்தில் இரை ஒரு சாண்கூட இறங்கியிருக்காது. அடுத்தது, ரொம்ப நேரம் நிறுத்திப் பார்த்தான்; இரை அடிவரைக்கும் போய் நீர்ப்பாசியை வாரிக்கொண்டு வந்தது. பாசியைப் பிய்த்துப் போட்டான். இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது சரியான நிறுத்தம். வெர்லின் திரும்பி உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கி, தொடையைத் தட்டிச் சிரிக்கும் நேரம். அதை மனதில் ஓட்டிப் பார்த்தபடி நிறுத்தினான். நிறுத்தத்தின்போது கோல் நுனியைக் கவனித்தான். படகு ஓடும்போது இரையின் இழுவையால் நுனி லேசாக வளைந்தே இருக்கும். படகு வேகம் குறையக் குறைய அது நிமிரும். முழுக்க நிமிர்ந்து நரம்பு தொய்ந்த அந்தக் கணத்தில், மீண்டும் துடுப்பைப் போட்டான்.

வலது கோல் வளைந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததில் இடது. பிறகு வலது. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில். ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது, இன்னொன்று படகோரம்வரை வந்து கண்ணெதிரே கழன்று போனது. டெல்பர்ட் அதைப் பார்த்து “போ, போ” என்றான். ஏரியில் ஒருவரும் இல்லை, ஏரியில் ஒரு சத்தமும் இல்லை, வாளி கனத்துக்கொண்டு வந்தது.

வீட்டுத்துறையில் மீனைச் சுத்தம் செய்யும்போது அவன் ஒரு கிராப்பியின் வாயை விரலால் இழுத்துப் பார்த்தான். கன்னத் தோல் மடிப்பு மடிப்பாக விரிந்து காகிதப் பை மாதிரி திறந்தது. அதில் கடிக்கிற பல் இல்லை. இந்த மீன் கடிப்பதே இல்லை. இரையின் அருகில் வந்து வாயைப் படாரென்று திறக்கும். திறந்த வாய்க்குள் தண்ணீர் பாயும். தண்ணீரோடு இரையும் உள்ளே போகும். உறிஞ்சுவதுதான் அதன் வேலை, உறிஞ்சலின் எட்டமோ ஓர் அங்குலம். அந்த அங்குலத்துக்குள் வராதது அதற்கு உணவில்லை. கடிகாரம் மாதிரி ஒரே சீராக முன்னால் போய்க்கொண்டே இருக்கும் இரையை அது பின்தொடரும், பார்க்கும், ஓர் அங்குலம் எப்போதும் எட்டாமலே இருக்கும், சலித்துப்போய்த் திரும்பிவிடும். படகு நின்றால் இரையும் ஓட்டத்தை விட்டு, வாலை ஆட்டியபடி, மேலே பார்த்துக் கொண்டிருக்கும் அந்தக் கண்களை நோக்கித் தானே இறங்கி வரும். மீன் உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி துடுப்புப் போட்டால் நரம்பு இறுகும், முள் தானாகப் பதியும்.

அவன் துண்டுகளைக் கழுவி, நொறுக்கிய உப்பு பிஸ்கெட் தூளில் புரட்டி வைத்தான். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிவரை காத்திருக்கப் போவதில்லை. வாணலியை ஏற்றுவதற்கு முன் போனை எடுத்தான்.

முதல் மணியிலேயே வெர்லின் எடுத்துவிட்டான். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது.

“எத்தன?”

“ஏழு.”

“ஏழா! தனியாவா?”

“தனியாத்தான்.”

அந்தப் பக்கம் ஏசியின் உறுமல் மட்டும் கேட்டது.

“என்ன வெச்சுப் பொரிக்கற?”

“பிஸ்கெட் தூள்தான்.”

“வெண்ணையா எண்ணையா?”

“பாதிப் பாதி.”

“ம்.” வெர்லின் எச்சில் விழுங்குவது கேட்டது. “அப்ப டார்லீன் அக்கா பையன்கிட்ட...”

“வீடு விக்கறதுக்கில்லன்னு சொல்லிடு. நான் இங்கதான் இருக்கப் போறேன்.”

“சரி.” பிறகு, “சரிடா. சொல்லிடறேன்.” மறுபடியும் ஏசி. “நான் இல்லாம எப்பிடிடா புடிச்ச? அதையாவது சொல்லு.”

டெல்பர்ட் அடுப்பைச் சிறிதாக்கினான். இயந்திரம் சரிசெய்த பிறகு அடுத்த ஷிப்டுக்காரனுக்குச் சொல்வானே, அந்தக் குரலில் சொன்னான்.

“மெதுவா பத்து வீச்சு துடுப்பு போடணும். நிறுத்தணும். கோல் நுனி முழுசா நிமிர்ற வரைக்கும் கைய ஆட்டாம சும்மா உக்காந்திருக்கணும். நிமிர்ந்ததும் மறுபடி பத்து வீச்சு. கோல் வளைஞ்சா வெடுக்குனு இழுக்காம மெல்லத் தூக்கணும். அவ்வளவுதான்.”